எத்தனை கிகாபைட் வேண்டும் என்பதைச் சங்கமே கணக்கிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் இயங்கும் நம் சமூக இயக்கங்கள் பலவும், கல்வி உதவிநிதிக்கான விண்ணப்பங்களைத் தாளில் வாங்குவதை விட்டுவிட்டு, அதற்கெனத் தனி இணையச் செயலிகளை உருவாக்கத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. அண்மையில் அத்தகைய சங்கம் ஒன்றின் செயலவையினர், தங்களுக்கு வந்த மூன்று விலைப்புள்ளிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி என்னைக் கேட்டனர். ஒரே வேலைக்கு ஒரு நிறுவனம் 50 கிகாபைட் சேமிப்பிடமும், இன்னொரு நிறுவனம் 500 கிகாபைட்டும், மூன்றாவது நிறுவனம் 2 டெராபைட்டும் தேவை என்று எழுதியிருந்தன. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்றிலும் ஒரு வரி விளக்கம்கூட இல்லை. மிகக் குறைந்ததும் வேண்டாம், மிக அதிகமானதும் வேண்டாம், நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்ற அளவில்தான் செயலவையின் பேச்சு இருந்தது.

செயலியும் அதன் கோப்புகளும் இருக்கும் கணினியான சேவையகத்தைப் பற்றிய கணக்கு கணினிக்காரர்களின் வேலை, அதில் நாம் தலையிட முடியாது என்ற எண்ணம் நம் சங்கங்களில் ஆழமாக இருக்கிறது. நான் இந்தத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது பெருக்கல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு. அதற்கு வேண்டிய விவரங்களும் விற்பனை நிறுவனத்திடம் இல்லை, சங்கத்திடமே இருக்கின்றன. ஆண்டுக்கு எத்தனை விண்ணப்பங்கள், ஒவ்வொன்றோடும் என்னென்ன ஆவணங்கள், அவற்றை எத்தனை பேர் படிப்பார்கள், எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் ஆகிய நான்கு விவரங்களும் செயலவைக்கு மட்டுமே தெரியும். ஆனால் விலைப்புள்ளி கேட்கும் கடிதங்களில் பெரும்பாலும் இருப்பது உறுப்பினர் எண்ணிக்கை ஒன்றுதான். சேமிப்பிடத்தைத் தீர்மானிப்பதில் ஏறக்குறைய எந்தப் பங்கும் இல்லாத விவரம் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதை விளக்குகிறேன். ஆண்டுக்கு 4,000 மாணவர்கள் விண்ணப்பிக்கிறார்கள் என்றும், அவர்களில் 400 பேருக்கு உதவி கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு படிவத்தை நிரப்பி, தம் குடும்ப நிலையையும் படிப்பு நோக்கத்தையும் பற்றித் தமிழில் 300 சொற்கள் எழுதி, அடையாள அட்டை, எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) முடிவு, பெற்றோரின் சம்பளச் சீட்டு, பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், வங்கிக் கணக்கின் முதல் பக்கம், தம் படம் என ஆறு இணைப்புகளைப் பதிவேற்றுகிறார்கள்.

முதலில் எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். தமிழில் எழுதினால் அதிக இடம் பிடிக்கும், ஆகவே படிவத்தை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிறுவனம் அந்தச் சங்கத்துக்கு அறிவுரை கூறியிருந்தது. இணையத்தில் பொதுவாகப் பயன்படும் யூடிஎஃப்-8 குறியீட்டு முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்டும், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டும் ஆகும் என்பது உண்மைதான். கொம்பு, கால், சுழி, புள்ளி ஆகியவையும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் 15 பைட் பிடிக்கிறது. இந்தக் கணக்கில் சராசரித் தமிழ்ச் சொல் ஒன்றுக்கு 25 பைட் என்று கொண்டால், 300 சொல் கட்டுரை 7,500 பைட், அதாவது ஏழரைக் கிலோபைட்தான். (ஆயிரம் பைட் ஒரு கிலோபைட்; அதைப் போல் ஆயிரம் மடங்கு மெகாபைட், பிறகு கிகாபைட், டெராபைட் என்று இந்தக் கணக்கில் கொள்கிறேன்.) பெயர், முகவரி, மதிப்பெண்கள், தரவுத்தளம் தேடலுக்காக வைத்துக்கொள்ளும் சுட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தாராளமாக விண்ணப்பம் ஒன்றுக்கு 20 கிலோபைட் கொடுத்தாலும், 4,000 விண்ணப்பங்களுக்கு 80 மெகாபைட்டுக்கு மேல் போகாது. திறன்பேசியில் எடுக்கும் ஏறத்தாழ ஒரு நிமிடக் காணொளியின் அளவு அது. தமிழால் இடம் போதாமல் போகும் என்று யாராவது சொன்னால் அவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்றே பொருள். எந்தச் சங்கமும் அந்தக் காரணத்துக்காகப் படிவத்தின் மொழியை மாற்ற வேண்டியதில்லை.

இடத்தை விழுங்குவது இணைப்புகளே. இன்றைய மாணவர் ஆவணத்தை வருடியில் (ஸ்கேனரில்) வைத்து எடுப்பதில்லை. மேசையில் வைத்துத் திறன்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறார். 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஜேபெக் படம் ஒன்று 3 முதல் 5 மெகாபைட் வரை வரும். சராசரி 4 மெகாபைட் என்று கொண்டால் ஆறு இணைப்புகளுக்கு 24 மெகாபைட், 4,000 விண்ணப்பங்களுக்கு 96 கிகாபைட். எழுத்துகளுக்கு ஆன இடத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல்.

இந்த அளவு படங்கள் தேர்வுக் குழுவுக்குத் தேவையா என்று கேட்டால், இல்லை. ஏ4 தாளை அங்குலத்துக்கு 150 புள்ளிகள் என்ற அடர்த்தியில் பதிவு செய்தால் 1240-க்கு 1754 புள்ளிகள் கொண்ட படம் கிடைக்கும். தேர்வு முடிவிலும் சம்பளச் சீட்டிலும் உள்ள எழுத்துகளைத் திரையில் படிக்க அது போதும். கோப்பின் அளவும் 400 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். போதுமா என்ற ஐயம் இருந்தால், சங்கத்திடம் ஏற்கெனவே உள்ள மங்கலான சம்பளச் சீட்டுகளில் சிலவற்றை அந்த அளவுக்குக் குறைத்து, செயலவையில் வயதில் மூத்தவர் ஒருவரைப் படிக்கச் சொல்லிச் சோதிக்கலாம். அவரால் படிக்க முடியாவிட்டால் அடர்த்தியை 200 ஆக்கிக்கொள்ளலாம். இப்படிச் சுருக்கினால் ஆறு இணைப்புகளுக்கு 2.4 மெகாபைட், ஆண்டுக்கு 9.6 கிகாபைட். பத்தில் ஒரு பங்கு.

இந்தச் சுருக்கத்தை யார் செய்வது என்பதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. ‘கோப்பு 500 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும்’ என்று சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டு, மாணவர் அனுப்பும் படத்தைத் திருப்பித் தள்ளும் செயலிகளை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். இடத்தை மிச்சப்படுத்தும் வேலையை, பழைய திறன்பேசியும் குறைந்த தரவுத் திட்டமும் வைத்திருக்கும் மாணவர் தலையில் கட்டுவது அது. படம் மாணவரின் உலாவியை (பிரவுசரை) விட்டு வெளியேறும் முன்பே அதைத் தானாகச் சுருக்கும் வழி இன்றைய உலாவிகளில் உண்டு. அதை எழுதுவது நிரலாளருக்குப் பெரிய வேலையும் அன்று. பிடிஎஃப் கோப்புகளை அப்படி எளிதாகச் சுருக்க இயலாது என்பதால் அவற்றுக்கு மட்டும் 2 மெகாபைட் உச்சவரம்பு வைப்பதில் தவறில்லை.

மாணவர்கள் ஒரு முறை மட்டும் பதிவேற்றுவதும் இல்லை. தலைகீழாக எடுத்த படத்தை மாற்றுவார்கள். பாதியில் விட்டுவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்குவார்கள். பழைய கோப்புகளைச் செயலி உடனே அழிக்காவிட்டால் அவை யாருக்கும் தெரியாமல் கிடக்கும். இதற்காக ஒன்றரை மடங்கு என்று கொள்கிறேன். அப்படியானால் சுருக்காத நிலையில் ஆண்டுக்கு 144 கிகாபைட், சுருக்கிய நிலையில் 14.4 கிகாபைட்.

அடுத்த கேள்வி, எத்தனை ஆண்டுகள் என்பது. வணிகக் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற வருமான வரிச் சட்டத்தின் விதியை ஒட்டி, நம் சங்கங்களும் எல்லாத் தாள்களையும் 7 ஆண்டுகள் கட்டி வைக்கும் பழக்கத்தைக் கொண்டுள்ளன. பணம் பெற்ற 400 பேரின் ஆவணங்களுக்கு அது பொருந்தும். உதவி கிடைக்காத 3,600 பேரின் அடையாள அட்டையையும் அவர்களுடைய பெற்றோரின் சம்பளச் சீட்டையும் 7 ஆண்டுகள் வைத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அவற்றை அழித்துவிடலாம். 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ள 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தரவை அதன் நோக்கத்துக்குத் தேவைப்படும் காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்கிறது. அச்சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கு உரியது, அறச் சங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை வழக்கறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன். இல்லாத தரவு கசியாது, அதற்கு வாடகையும் இல்லை என்பது எந்தச் சட்டப் பிரிவையும் சாராத உண்மை. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின் விளைவாக, தரவுக் கசிவை ஆணையருக்கு அறிவிக்கும் கடமை 2025 ஜூன் மாதம் முதல் வந்துவிட்ட பிறகு, இதை எண்ணிப் பார்க்க இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது.

இப்போது அந்த மூன்று விலைப்புள்ளிகளுக்கு வருவோம். படங்களைச் சுருக்காமலும் எதையும் அழிக்காமலும் 7 ஆண்டுகள் வைத்திருந்தால் 144-ஐ 7-ஆல் பெருக்க, 1,008 கிகாபைட், அதாவது ஏறத்தாழ 1 டெராபைட் ஆகும். இயக்க முறைமைக்கும் எதிர்பாராத வளர்ச்சிக்கும் இடம் விட்டால் 2 டெராபைட் என்ற பரிந்துரை நியாயமானதே. சுருக்காமல், ஆனால் உதவி கிடைக்காதவர்களின் கோப்புகளை ஆண்டுதோறும் அழித்தால், பணம் பெற்ற 400 பேரின் இறுதி ஆவணங்களுக்கு (ஆளுக்கு 24 மெகாபைட்) ஆண்டுக்கு 9.6 கிகாபைட் வீதம் 7 ஆண்டுக்கு 67-உம், நடப்பு ஆண்டுக்கு 144-உம் சேர்ந்து 211 கிகாபைட் வரும். 500 கிகாபைட் அதற்குத் தாராளம். சுருக்கி, அழிக்கவும் செய்தால், 7 ஆண்டுக்கு 6.7-உம் நடப்பு ஆண்டுக்கு 14.4-உம் சேர்ந்து ஏறத்தாழ 21 கிகாபைட். இயக்க முறைமைக்கும் மென்பொருள்களுக்கும் ஒரு 20 கிகாபைட்டைக் கூட்டினால் 50 கிகாபைட் சற்று இறுக்கமாக இருக்கும், 80 கிகாபைட் வசதியாக இருக்கும்.

ஆகவே மூன்று நிறுவனங்களில் எதுவும் ஏமாற்றியதாக நான் கருதவில்லை. படங்களைச் சுருக்குவதா, பழைய கோப்புகளை அழிப்பதா என்று செயலவை எடுக்க வேண்டிய இரண்டு முடிவுகளை எடுக்காமல் விட்டதால், ஒவ்வொரு நிறுவனமும் தானே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு அதற்கு விலை போட்டிருக்கிறது. நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது என்றால், படங்களைச் சுருக்க வேண்டாம், ஆனால் அழிக்க வேண்டும் என்று தெரியாமலேயே முடிவெடுப்பதாக ஆகும்.

தரவு அழிந்தால் மீட்பதற்காக எடுத்து வைக்கும் காப்புப்படிகளைப் பற்றி ஒரு சொல். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைத் துறையில் உள்ளவர்கள் அறிவார்கள். ஒரே சேவையகத்தில் இரண்டு வட்டுகளில் ஒரே தரவை எழுதி வைப்பது வட்டுக் கோளாறுக்குத் தற்காப்பாக இருக்கலாம். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழிந்துபோகும் என்பதால் அதைக் காப்புப்படி என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன 21 கிகாபைட்டுக்கு மூன்று படி என்றால் 63 கிகாபைட், பெரிய செலவன்று. 1,008 கிகாபைட்டுக்கு மூன்று படி என்றால் 3 டெராபைட்டைத் தாண்டிவிடும். முதலில் சுருக்காததன் விலையை ஒவ்வொரு படியிலும் மீண்டும் கொடுக்கிறோம். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. முதன்மைச் சேவையகத்தில் அழித்த அடையாள அட்டைப் படங்கள் காப்புப்படிகளில் உயிரோடு இருக்கும். ஆகவே காப்புப்படிகளுக்கும் 90 நாள் போன்ற ஒரு காலவரம்பை விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

சேமித்து வைப்பது ஒரு கணக்கு, போக்குவரத்து இன்னொரு கணக்கு. இணையம் வழியே சேவையகங்களை வாடகைக்குத் தரும் பெரிய மேகக் கணிமைச் சேவைகளில் சேவையகத்துக்குள் வரும் தரவுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. வெளியே செல்லும் தரவுக்கே கட்டணம். நம் செயலியில் தரவை வெளியே இழுப்பவர்கள் மாணவர்கள் அல்லர், தேர்வுக் குழுவினர். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மூன்று பேர் தனித்தனியே படித்து மதிப்பெண் போடுவது வழக்கம் என்றால், சுருக்கிய படங்களுக்கு 28.8 கிகாபைட்டும் சுருக்காத படங்களுக்கு 288 கிகாபைட்டும் வெளியே செல்லும். விற்பனை நிறுவனத்துக்கு இந்த மூவர் முறை தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. சங்கம்தான் சொல்ல வேண்டும்.

இனி, கடைசி நாள் இரவு. விண்ணப்ப முடிவு நாளில் நம்மவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. 4,000 பேரில் பாதிப் பேர் கடைசி நாளிலும், அவர்களில் பாதிப் பேர் நள்ளிரவுக்கு முந்திய மூன்று மணி நேரத்திலும் வருவார்கள் என்று கொள்வோம். 180 நிமிடத்தில் 1,000 பேர் என்றால் நிமிடத்துக்கு ஐந்தரைப் பேருக்கு மேல். ஒவ்வொருவரும் செயலியில் 40 நிமிடம் செலவிட்டால், ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் ஏறத்தாழ 220 பேர். வருகை வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்போரின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது 1961இல் ஜான் லிட்டில் கணித முறையில் நிறுவிய விதி. வங்கி வரிசைக்கும் பொருந்தும், சேவையகத்துக்கும் பொருந்தும். ‘ஒரே நேரத்தில் 4,000 பேரைத் தாங்க வேண்டும்’ என்று கடிதத்தில் எழுதினால், தேவையைப் போல் பல மடங்கு பெரிய சேவையகத்துக்கு வாடகை கட்ட நேரும்.

அந்த மூன்று மணி நேரத்தில் 1,000 பேர் ஆளுக்கு 24 மெகாபைட் பதிவேற்றினால் நொடிக்கு 2.2 மெகாபைட் உள்ளே வரும். இணைய இணைப்பின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் எட்டால் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 18 மெகாபிட். அது சராசரிதான். கடைசி அரை மணி நேரத்தில் நான்கு மடங்காகும் என்று எதிர்பார்த்து 70 மெகாபிட்டுக்கு இடம் வைக்க வேண்டும். படங்களை உலாவியிலேயே சுருக்கினால் அதே நேரத்துக்கு 7 மெகாபிட் போதும். சேவையகத்தைக் காட்டிலும் மாணவருக்குத்தான் இதில் பெரிய ஆதாயம். தோட்டப்புறத்தில் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே பதிவேற்ற வேகம் கிடைக்கும் மாணவிக்கு 24 மெகாபைட்டை அனுப்ப ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2.4 மெகாபைட் பத்து நொடியில் போய்விடும்.

சேவையகம் தன் நடவடிக்கைகளைத் தானாகக் குறித்துவைக்கும் பதிவேடுகள் தனியாகக் கணக்கிடும் அளவுக்குப் பெரியவை அல்ல. ஆனால் அவற்றைச் சுழற்சி முறையில் அழிக்க ஏற்பாடு செய்யாவிட்டால், மாதக் கணக்கில் வளர்ந்து வட்டை நிரப்பிவிடும். வட்டு நிரம்பினால் தரவுத்தளம் புதிதாக எதையும் எழுத முடியாமல் நின்றுவிடும். வட்டின் முக்கால் பங்கு நிரம்பியதும் எச்சரிக்கை மின்னஞ்சல் வர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். 1 டெராபைட் என்று விற்கும் வட்டு விண்டோஸ் கணினியில் 931 கிகாபைட் என்று தெரிவதைக் கண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவும் வேண்டாம். ஒருவர் ஆயிரத்தாலும் மற்றவர் 1,024-ஆலும் வகுக்கிறார்கள், அவ்வளவே.

எதற்கும் இருக்கட்டும் என்று பெரிதாக வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொந்தமாகச் சேவையகம் வாங்கி அலுவலக அறையில் வைத்த காலத்தில் அந்த வாதத்தில் பொருள் இருந்தது. இன்று பெரும்பாலான சங்கங்கள் மேகக் கணிமையில் மாத வாடகைக்கே எடுக்கின்றன. 2024 ஆகஸ்ட் முதல் அமேசான் வெப் சர்வீசஸ் மலேசியாவிலேயே தன் தரவு மையங்களைத் திறந்துவிட்டதால், தரவு நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. இத்தகைய சேவைகளில் வட்டின் அளவைப் பின்னர் கூட்டுவது சில நிமிட வேலை. குறைப்பது அப்படியன்று, புதிய வட்டு ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே சிறிதாகத் தொடங்குவதுதான் அறிவுடைமை.

என் எடுத்துக்காட்டில் உள்ள 4,000, 400, ஆறு இணைப்பு, ஒன்றரை மடங்கு எல்லாம் நான் வைத்துக்கொண்ட எண்கள். ஒவ்வொரு சங்கமும் தன் எண்களை இட்டுக்கொள்ள வேண்டும். முந்தைய ஆண்டுகளின் தாள் விண்ணப்பங்கள் அலமாரியில் இருப்பதால் அவற்றை எண்ணிப் பார்ப்பது கடினமன்று. அந்தக் கணக்குத் தாளை விலைப்புள்ளி கேட்கும் கடிதத்துடன் இணைத்து, நிறுவனம் அதில் எந்த எண்ணை மாற்றினாலும் காரணத்தை எழுத வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவையும் சேர்ப்பது நல்லது: முதல் ஆண்டு விண்ணப்பம் முடிந்த இரண்டு வாரத்துக்குள், இணைப்பு ஒன்றின் சராசரி அளவு, மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கை, மிக நெரிசலான ஒரு மணி நேரத்தில் உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கை, அந்த மாதம் வெளியே சென்ற தரவு ஆகிய நான்கையும் நிறுவனம் எழுத்து மூலம் சங்கத்துக்குத் தர வேண்டும். இரண்டாம் ஆண்டு வாடகையை அந்த எண்களை வைத்துப் பேசலாம்.

இப்படிக்கு,
கணினி அமைப்புப் பொறியாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.